ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள்: லடாக்குக்கு முதல்முறை வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு

லடாக்குக்குச் சாலை வழியாகப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொள்வது கணவாய்களின் பெயர்களைத்தான். ஜோஜி லா, கர்துங் லா, சாங் லா, தங்லாங் லா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் படுக்கப் போகிறீர்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். பகலில் 5,300 மீட்டர் உயரத்துக்கு ஏறி அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிற உடம்பு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பழகாத உயரத்தில் ஒரு முழு ராத்திரி தூங்கும்போதுதான் தலைவலியும் வாந்தியும் ஆரம்பிக்கின்றன. இந்தப் பயணத்தில் மற்ற எல்லா முடிவுகளும் இதை ஒட்டித்தான் வருகின்றன.

ஊட்டி, கொல்லிமலை, வால்பாறை என்று கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகிய கை அங்கேயும் உதவும். கொல்லிமலையின் 70 வளைவுகளைச் சிரமமில்லாமல் ஏறியவருக்கு லடாக்கின் வளைவுகள் பயம் தராது. ஆனால் தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கார்கில் ஊர் 2,676 மீட்டரில் இருக்கிறது. நம் மலையின் உச்சி முடிகிற உயரத்தில் அங்கே ஆற்றங்கரையும் கடைவீதியும் இருக்கின்றன. ஓட்டுகிற திறமை உள்ளவருக்கும் அந்த உயரம் புதிது.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்ரீநகர்–லே சாலை வசந்தத்தில் பனியை அகற்றித் திறக்கப்படும். மணாலி–லே சாலை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் திறக்கும். புதியவர்கள் இரண்டும் நன்றாக ஓடுகிற காலத்தில், அதாவது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் போய்விட்டு வருவது நல்லது.

அதற்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஜூனில் சாலையின் இரு பக்கமும் பனிச்சுவர் நிற்கும், பார்க்க அருமையாக இருக்கும். அந்தப் பனி உருகி சாலையைக் குறுக்கே வெட்டி ஓடுகிற நீரும் அப்போது அதிகம். ஜூலை, ஆகஸ்டில் மணாலி பக்கம் மழை, மண்சரிவு. ஸ்ரீநகர் பக்கம் அமர்நாத் யாத்திரை நடக்கும். பால்டால் வழியாகப் போகும் யாத்திரை வாகனங்களுக்காகச் சாலையில் கட்டுப்பாடுகள் இருக்கும், சோனாமார்க்கில் அறை கிடைப்பதும் கஷ்டம். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களைச் சொல்வேன். ராத்திரி குளிர் கடிக்கும். ஆனால் நீர் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

எந்தப் பக்கம் ஏறுவது

மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்பினால் முதல் ராத்திரி ஜிஸ்பாவில், சுமார் 3,200. அடுத்த ராத்திரிக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது சர்ச்சு கூடாரங்கள், கிட்டத்தட்ட 4,300 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,000 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. சர்ச்சுவில் ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கும் பிரச்சினை இந்தக் கணக்கில்தான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முடியவில்லை, கீழே இறங்கலாம் என்றால், எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஒரு உயரமான கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும்.

ஸ்ரீநகர் வழி அப்படி இல்லை. இரவுகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

ஸ்ரீநகர் – 1,585 மீட்டர்
சோனாமார்க் – சுமார் 2,700
கார்கில் – 2,676
ஆல்ச்சி – சுமார் 3,100
லே – 3,500, இங்கே குறைந்தது இரண்டு இரவுகள்

இந்த வழியில் மிக உயரமான கணவாய் ஃபோட்டு லா, 4,108 மீட்டர். அதையும் பகலில் கடந்து 3,100க்கு இறங்கிவிடுகிறீர்கள். பலர் கார்கிலிலிருந்து ஒரே நாளில் லேக்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஆல்ச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள். உடம்புக்கும் நல்லது, அங்குள்ள பழைய மடாலயத்தின் சுவரோவியங்களை அவசரமில்லாமல் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

விமானத்தில் நேராக லேயில் இறங்கி அங்கே வண்டி எடுப்பவர்கள், முதல் இரண்டு நாள் ஊரைவிட்டு நகரவே கூடாது. மாடிப்படி ஏறுவதைக்கூட மெதுவாகச் செய்யுங்கள்.

உடம்பைக் கவனிப்பது

லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 5,300 மீட்டர் கணவாய்களில் ஏறத்தாழ பாதி. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். ஜிம்முக்குப் போகிற இளைஞரா, அறுபது வயதுக்காரரா என்று உயரம் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் இளைஞர்கள்தான் தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை, காரணமில்லாத அசதி: இவற்றில் தலைவலியோடு இன்னொன்று சேர்ந்தாலே உயரநோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா சரியில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அந்த நாள் மேலே ஏறாமல், அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாமல் கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, அதோடு இருமல் வருவது ஒன்று; நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இன்னொன்று நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டியை எடுத்து இறங்குங்கள். பக்கத்தில் ராணுவ முகாம் இருந்தால் உதவி கேளுங்கள். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனைக்கு உயரநோய் நன்றாகப் பழக்கமானது.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும். தடுப்புக்காக வழக்கமாகச் சொல்லும் அளவு காலையிலும் இரவிலும் 125 மி.கி., ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. இதை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரையால் விரல் நுனி மரத்தாற்போல் ஊறும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டியதில்லை. இதயம், நுரையீரல் சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சரி என்றால்தான் கிளம்ப வேண்டும்.

கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை வைத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறலாம் என்று தைரியம் கொள்ளாதீர்கள். முதல் சில நாட்களுக்கு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லேயில் தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. வழியில் உள்ள தாபாக்களில் சோறு சில சமயம் நடுவில் விதை விதையாக இருந்தால் சமைத்தவர் மேல் தப்பில்லை. அங்கே துக்பா என்ற நூடுல்ஸ் சூப், ராஜ்மா சாவல், மேகி இவைதான் நம்பகமான சாப்பாடு.

வண்டி

சென்னையிலிருந்து ஸ்ரீநகர் வரை ஓட்டியே போனால் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அது தனியாக ஒரு பயணம். களைத்துப்போய் மலையடிவாரம் சேர்வதைவிட, பைக்கை ரயிலில் பார்சலாக ஜம்முவுக்கோ டெல்லிக்கோ அனுப்பிவிட்டுப் பின்னால் போவது மேல். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். சாக்கு சுற்றிக் கட்டித் தர ஸ்டேஷனிலேயே ஆட்கள் இருப்பார்கள். ஆர்.சி., அடையாள அட்டை நகல்கள் வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி என்றால் ஒரு விஷயம். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ எடுத்த வாடகை பைக்கை லே வரை ஓட்டலாம். அங்கிருந்து நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி போக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் விடமாட்டார்கள். அதற்கு லேயில் வேறு வண்டி எடுக்க வேண்டும். பயணிகள் வரும் சில மாதங்களில்தான் அவர்களுக்கு வருமானம், வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பிரேக் பேட், கிளட்ச், டயர், பேட்டரி, கூலன்ட் ஐந்தையும் மெக்கானிக் முன்னால் நின்று பார்த்துவிடுங்கள். பாதி தேய்ந்த பிரேக் பேட் ஊருக்குள் இன்னும் சில மாதம் ஓடும், அங்கே ஓடாது. பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஃப்யூஸ், இழுவைக் கயிறு கூட வரட்டும். கேபிளை மாற்றுவதை ஊரிலேயே ஒருமுறை உங்கள் கையால் செய்து பாருங்கள்.

டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு இழுவையை இழக்கும். கர்துங் லாவை நெருங்கும்போது வண்டி திணறினால் அது ரிப்பேர் அல்ல. முதல் கியரில் நிதானமாக ஏற்றுங்கள். கிளட்சைப் பாதி அழுத்தியபடி ஏற்றினால் கருகல் வாடை வரும், பிறகு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பெட்ரோல் கணக்கு திரும்பும் வழியில் முக்கியம். மணாலி பக்கம் தண்டியில் "அடுத்த பம்ப் 365 கி.மீ." என்று எழுதிய பலகை பிரபலம். லேயிலிருந்து வரும்போது 35 கி.மீ. தள்ளிக் காரூவில் ஒரு பம்ப் உண்டு. அங்கே நிரப்பிவிட்டுத் தண்டி வரை வேறு பம்ப் இல்லை என்று கணக்கிட்டே கிளம்புங்கள். டாங்க் சின்னதான பைக்குக்கு 5 லிட்டர் உபரி வேண்டும். கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், உயரத்தில் உள்ளே அழுத்தம் ஏறும்.

ஒரு நாளை எப்படி ஓட்டுவது

விடிந்ததும் கிளம்புங்கள், மதியத்துக்குள் கணவாயைத் தாண்டுங்கள், நாலு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். இதற்குக் காரணம் நீர். பனியாறுகளிலிருந்து உருகி வரும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். ராத்திரிக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறியபின் மதியம் முழங்காலைத் தொடும். காலையில் எளிதாகக் கடந்த அதே இடத்தில் மாலையில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். உச்சிகளில் காற்றும் மேகமும்கூட மதியத்துக்கு மேல்தான் மோசமாகும்.

நாலாவைக் கடப்பதற்கு முன் வண்டியை நிறுத்துங்கள். வேறொரு வண்டி எந்தத் தடத்தில் போகிறது, சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பாருங்கள். பிறகு முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர். நடுவில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சைப் பிடிக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. பைக்கில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும், முடிந்தால் பக்கத்தில் ஒருவர் தாங்கலுக்கு வரட்டும். கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் எதிர்க்கரையில் வையுங்கள். நீர் வேகமாகவும் கலங்கலாகவும் இருந்து அடித்தரை தெரியவில்லை என்றால், கடக்காமல் காத்திருங்கள். கரை ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி லே கடைவீதியில் வாங்கிக்கொண்டால், நனைந்த காலோடு 5,000 மீட்டரில் நடுங்க வேண்டியிருக்காது.

விடியற்காலையில் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். சாலை ஈரமாகக் கறுப்பாக மின்னினால் வேகத்தை முன்பே குறைத்துவிட்டு, அதன் மேல் பிரேக்கைத் தொடாமல் உருண்டு போங்கள்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சட்டமும்கூட. ஒதுங்கும்போது எதிரே பெரிய லாரி வந்தால் மலைச்சுவர் பக்கமாக நில்லுங்கள். பள்ளத்து ஓரத்து மண் இளகியிருக்கும். கல் விழும் இடம் என்று பலகை வைத்த இடத்தில் போட்டோவுக்காகக்கூட நிறுத்தாதீர்கள். முன்னால் போகும் லாரி இண்டிகேட்டர் போட்டதை நம்பி முந்தாதீர்கள். ஹாரன் அடித்து, டிரைவர் கையைக் காட்டி அழைக்கும்வரை பொறுங்கள். ராணுவ கான்வாய் வந்தால் ஓரமாக நிறுத்தி முழுதாகப் போகவிடுங்கள், நடுவில் நுழைய வேண்டாம்.

இறக்கத்தில், ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்று நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதுதான் அங்கேயும் விதி. தங்லாங் லாவின் 5,328 மீட்டரிலிருந்தோ கர்துங் லாவிலிருந்தோ தொடர்ந்து பல பத்து கிலோமீட்டர் இறங்குகிறீர்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். நியூட்ரலில் விடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் முறைக்கோ எல் நிலைக்கோ மாற்றுங்கள். கருகிய வாடை வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஜோஜி லா

உயரம் 3,528 மீட்டர்தான். ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் அதிகம் மதிப்பது இந்தக் கணவாயைத்தான். குறுகலானது, ஒரு பக்கம் அதலபாதாளம், மழை பெய்தால் சேறு, நாள் முழுக்க லாரி. சோனாமார்க்குக்கு முன்னால் உள்ள 6.5 கி.மீ. சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறந்துவிட்டது. ஜோஜி லாவுக்கான நீண்ட சுரங்கம் முடியும்வரை மேலே ஏறித்தான் ஆக வேண்டும். சில நேரங்களில் ஒருவழியாக, நேரம் குறித்து விடுவார்கள். முந்தின நாள் மாலையே சோனாமார்க்கில் விசாரித்துவிட்டு, வாயில் திறக்கும்போது வரிசையில் முன்னால் நில்லுங்கள்.

1948 நவம்பரில் இந்திய ராணுவம் இந்தக் கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றியது. பால்டாலிலிருந்து மேலே போன கோவேறுகழுதைத் தடத்தை டாங்கி போகும் அளவுக்குச் சாலையாக்கியவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். அந்தச் சரிவைக் கண்ணால் பார்க்கும்போது அவர்கள் செய்த வேலையின் அளவு புரியும்.

லேயிலிருந்து சுற்றுவது

முதலில் நுப்ரா, அப்புறம் பாங்காங். நுப்ராவுக்குப் போகும் வழியில் கர்துங் லா 5,359 மீட்டர். ஆனால் இரவு தங்கும் டிஸ்கிட், ஹுண்டர் பகுதி லேயைவிடத் தாழ்வு, சுமார் 3,100. பாங்காங் ஏரிக்கரை 4,200க்கு மேல். அங்கே தூங்குவதற்கு உடம்பு இன்னும் சில நாள் பழகியிருக்க வேண்டும். கர்துங் லா உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். அங்கே 18,380 அடி என்று பல காலம் எழுதி வைத்திருந்த உயரம் உண்மை அளவைவிடக் கூடுதல். அளந்த உயரம் 17,582 அடி. உலகின் உயரமான சாலை என்ற பெயரும் வேறு சாலைகளுக்குப் போய்விட்டது. பலகையோடு படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எல்லைப் பகுதிகளுக்கான அனுமதி, சுற்றுச்சூழல் கட்டணம் இவற்றின் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். கார்கிலிலும் லேயிலும் உண்டு. அவற்றுக்கு வெளியே போகும்போது ரொக்கம் கையில் இருக்கட்டும்.

மணாலி வழி இறக்கம்

ஒரு வாரம் லடாக்கில் இருந்த உடம்புக்கு இந்தச் சாலை இப்போது வேறு மாதிரி இருக்கும். தங்லாங் லா, மூர் சமவெளி, பாங், லாச்சுலுங் லா, 21 வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், சர்ச்சு, சுமார் 4,890 மீட்டரில் பாரலாச்சா லா, பிறகு ஜிஸ்பா. மூர் சமவெளியில் சாலை நேராக நீண்டு கிடக்கும், வேகம் தானாக ஏறும். திடீர்ப் பள்ளங்களுக்காகக் கட்டுப்படுத்துங்கள். சாலை நன்றாக இருந்து விடியலில் கிளம்பினால் லேயிலிருந்து ஜிஸ்பாவை ஒரே நாளில் எட்டலாம். இடையில் இருட்டிவிடும் போலிருந்தால் சர்ச்சுவில் தங்கிவிடுங்கள், பழகிய உடம்பு தாங்கும். வழியில் பெரும்பாலான தூரத்துக்கு சிக்னல் இருக்காது, கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தண்டியைத் தாண்டினால் 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை. அதற்கு அனுமதி தேவையில்லை. மேலே ரோத்தாங் கணவாய்க்குப் போக வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும்.

மணாலியிலிருந்து கீழே குலு வழியாகப் போகும் சாலையும் மழைக்காலத்தில் சரிவால் அடைபடுவதுண்டு. அதனால் ஊர் திரும்பும் ரயிலோ விமானமோ எதுவானாலும், மணாலி சேரும் என்று நீங்கள் கணக்கிட்ட நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளி டிக்கெட் போடுங்கள். அந்த இரண்டு நாள் கையில் இருந்தால்தான் மேலே நாலா பெருகி ஓடும்போது காத்திருக்க மனம் வரும்.